சத்தம் மட்டும் ஓடும் தறி

என்னங்க,

நாம் தறி ஓட்டிய மில்லை அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். அங்கே டிக்கெட் கிழிப்பது நான்தான். திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டுங்கள்.

தறிகள் ஓடுவதில்லை, சத்தத்தை மட்டும் ஸ்பீக்கரில் போடுகிறார்கள். நேற்று அந்த இரைச்சலில் மேலாளர் அம்மா ஏதோ கேட்டார். பழக்கதோஷத்தில் கைஜாடையிலேயே பதில் சொல்லிவிட்டேன்.

“என்னம்மா, டான்ஸ் ஆடுறீங்க?” என்று சிரித்தார்.

தறிச் சத்தத்தில் கையால் பேசிய காலம்வரை நமக்குள் ஒரு சண்டை வந்ததுண்டா? மில்லை மூடி, வீட்டில் வாயால் பேச ஆரம்பித்த பிறகுதானே நீங்கள் தம்பி வீட்டுக்குக் கிளம்பினீர்கள்!

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். உங்கள் தறி அதே இடத்தில்தான் இருக்கிறது. ஸ்பீக்கரைப் போட்டதும் எதிரே வந்து நிற்பேன். நான் வாயைத் திறக்க மாட்டேன். தயவுசெய்து நீங்களும் திறக்காதீர்கள்.

இப்படிக்கு,
எதிர்த் தறிக்காரி