சாம்ராஜ் கூட ஒரே பெஞ்சில்

சங்கரன்கோவில்
10.6.2025

அன்புத் தம்பி தங்கப்பழத்துக்கு,

உன் அண்ணாச்சி சுயம்புலிங்கம் எழுதுவது. வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஜெயிலுக்கு வந்து உன்னைப் பார்க்காததற்குக் கோபப்படாதே. இங்கே தெருவெல்லாம் பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை. என் மகளும் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கல்யாண மண்டபத்துக் கழிவுத் தண்ணீர் குழாய் வழியே ஓடையில் விழுந்து நம் தெருக் கிணற்றுக்குள் இறங்குகிறது. நம்மைக் கூலிக்கு வைத்து ஆட்களை மிரட்டினாரே, அந்த மண்டபத்துக்காரர்தான்.

பக்கத்துக் கட்டிலில் யார் தெரியுமா? நம் பகையாளி சாம்ராஜின் மகள். பிள்ளைகள் இரண்டும் இளநீரைப் பங்கு போட்டுக் குடித்தன. அப்பன்மார் எவ்வளவு நேரம்தான் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது? இப்போது அவன் ஆட்களும் நம் ஆட்களும் சேர்ந்து கலெக்டரிடம் மனு கொடுத்திருக்கிறோம். யாரையும் அடிக்கவில்லை. சத்தியமாக.

சுயம்பு


பாளையங்கோட்டை சிறை
19.6.2025

மதிப்பிற்குரிய அண்ணாச்சிக்கு,

மகளுக்கு இப்போது எப்படி இருக்கிறது? எண்ணெய்ப் பலகாரம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வார்டர், "ஏலே, உன் தலைவன் மனு எழுதுதானாம்லா" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். எனக்கு மானம் போயிற்று. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் "போடுலே அவனை" என்றது நீங்கள். சாம்ராஜ் தோளில் வெட்டினது நான். எனக்கு மூன்று வருஷம் ஜெயில், அவனுக்கு உங்கள் பக்கத்தில் இடமா? மண்டபத்துக்காரனை ஒரு தட்டுத் தட்டினால் நாளைக்கே குழாயை அடைப்பான். மனுவாம் மனு! பையன்களை அனுப்புங்கள்.

தங்கப்பழம்


சங்கரன்கோவில்
2.7.2025

தம்பிக்கு,

தட்ட எனக்குத் தெரியாதா? தட்டினால் நான் உள்ளே வருவேன், தண்ணீர் பழையபடி ஓடும். நீயாவது புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமையானால் தென்காசிக்கு ஓட்டம். போன வாரம் ஒரு கிளார்க், "இது எங்க செக்‌ஷன் இல்ல" என்று மூன்றாவது முறையாகச் சொன்னார். மேஜையை ஓங்கி அடிக்கக் கை எழும்பிவிட்டது. சாம்ராஜ்தான் பிடித்து இழுத்துப் பெஞ்சில் உட்காரவைத்தான். "இரும்வே, கூப்பிடுவாவ." அவனெல்லாம் எனக்குப் புத்தி சொல்லுகிறான், பார்த்துக்கொள்! வீட்டுக்கு வந்தால் வாசலில் ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன் என்று ஒரு கூட்டம். ரவுடியாக இருந்தபோது மத்தியானம் தூங்கவாவது முடிந்தது. உன் மதினி வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். இது ஒரு வழிக்கு வந்ததும் உன்னைப் பார்க்க வருகிறேன்.

சுயம்பு


பாளையங்கோட்டை சிறை
8.8.2025

அண்ணாச்சிக்கு,

குழாயை அடைத்துவிட்டார்கள், மண்டபத்துக்கும் அபராதம் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். ஒருத்தரையும் தொடாமல் சாதித்துவிட்டீர்கள். நான் சொன்னதுதான் தப்பு.

எனக்கு யார் சொன்னது என்று கேட்பீர்கள். நேற்று என்னைப் பார்க்க ஆள் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். நீங்கள்தான் என்று தலையைச் சீவிக்கொண்டு ஓடினேன். கம்பிக்கு அந்தப் பக்கம் சாம்ராஜ் நின்றான். பிஸ்கட்டும் சோப்பும் வாங்கி வந்திருந்தான். அவனே முதலில், "உங்க அண்ணாச்சி எங்களை உட்காரவச்சே கொல்லுதாரு" என்றான். என்னை அறியாமல் சிரித்துவிட்டேன்.

"கை வலிக்கா?" என்று கேட்டேன்.

"மழை பெஞ்சா வலிக்கும். சட்டை மாட்டத்தான் பாடு."

அதற்கு மேல் என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அண்ணாச்சி, ஊருக்கு நீங்கள் செய்வது நல்ல காரியம். இனி அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நான் வெட்டின ஆள் அந்தக் கையோடு பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்துவிட்டான். வெட்டச் சொன்ன உங்களை இன்னும் காணவில்லை. இனிமேல் எனக்குக் கடிதம் போடாதீர்கள். போட்டாலும் வாங்கமாட்டேன்.

இங்கே வியாழக்கிழமை ஆட்களைப் பார்க்க விடுகிறார்கள்.

தங்கப்பழம்