நின்றுபோன ஃபேக்டரி

அன்புள்ள அப்பாவுக்கு, சின்னவள் எழுதுகிறேன். முட்டிவலி இப்போது தேவலையா?

"ஃபேக்டரி நின்னுபோச்சுப்பா" என்று நான் சொன்னதும் போன் கட்டாகிவிட்டது. வேலை போய்விட்டதென்று பயந்திருப்பீர்கள். மறுபடி பேசினால் அம்மா அழுவாள் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எனக்கு வந்த வைரஸ் காய்ச்சல் எலும்பு மஜ்ஜையைப் பிடித்துக்கொண்டதாம். "ரத்தம் தயாராகிற ஃபேக்டரியே அதாம்மா, இப்போ நின்னுருக்கு" என்றார் டாக்டர். அதைத்தான் சொல்ல வந்தேன். யார் யாரோ கொடுத்த ரத்தத்தில் ஓடுகிறது என் வண்டி.

தானாகவே சரியாகிவிடலாமாம். அம்மாவின் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள். இங்கே போர்வை உறுத்துகிறது, லேசாக இடித்தாலே உடம்பு கன்றிப்போகிறது.

சரியாகாவிட்டால் கூடப்பிறந்தவரின் மஜ்ஜை வேண்டியிருக்குமாம். நர்ஸ் வந்துவிட்டார், முடிக்கிறேன். அண்ணனுக்கு என்மேல் இன்னும் கோபம்தானா அப்பா?