நூறு இருமல்

2024 ஜனவரி 11
இடக்கையால் வலக்கையைத் தூக்கி மேசைமேல் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். விரல்கள் வேலை செய்கின்றன. தோளும் முழங்கையும் செத்துக் கிடக்கின்றன. நாளை அறுவை சிகிச்சை. விதுரா சாலையில், என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு, தம்பி தாணுமாலையன் பஸ்ஸை முந்தப்போய் பைக்கைச் சாய்த்து நான்கு மாதம் ஆகிறது. அவனுக்குச் சிராய்ப்பு. எனக்குக் கழுத்து நரம்புகள் அறுந்தன. மாடியில்தான் குடியிருக்கிறான். அவனோடு நான் பேசுவதில்லை.

ஜனவரி 20
விலாவில் மூச்சுக்கான நரம்பை எடுத்துக் கையில் சேர்த்திருக்கிறார்கள். பிடித்துக்கொண்டால், இருமும்போது முழங்கை மடங்குமாம். ஏழெட்டு மாதம் ஆகலாம். ஆகாமலும் போகலாம்.

மார்ச் 4
பயிற்சி கொடுக்க வரும் ஷில்பா: "தினம் நூறு தடவ இருமணும் சாரே. இருமும்போ கை மடங்குதுன்னு நெனைக்கணும், கேட்டோ."
இருபத்தாறு வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன், கட்டிலில் உட்கார்ந்து இருமுகிறேன்.

மார்ச் 6
இன்று முதல் இருமலுக்கே மாடிப்படியில் காலடி. வாசலில் தாணு. "அண்ணே, கூப்ட்டியளா?"
அப்பா எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; தொண்டையைச் செருமுவார். நானும் அவனை அப்படித்தான் கூப்பிடுவேன்.
அவனைப் பாராமல் அடுத்த இருமலை இருமினேன். ஏறிப் போனான்.

மே 19
இன்றும் வந்தான். என் மனைவி வடிவு சிரித்துவிட்டாள். "பாவம், கொழுந்தனுக்குக் காலு தேஞ்சிரும். இது கைக்காக இருமுற இருமலுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய்முத்தா உதிரும்?"
ஏறி இறங்கட்டும்.

ஜூலை 2
அசைவில்லை.

ஆகஸ்ட் 9
தாணு போய்விட்டான். ஆரியசாலையில் தன் கடையைத் திறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். நாற்பத்தெட்டு வயது.
வாய்க்கரிசிக்கு விரல்கள் அரிசியைப் பிடித்தன. கை எழும்பவில்லை. வடிவு என் முழங்கையைத் தாங்கி அவன் வாய்வரை கொண்டுபோனாள்.

ஆகஸ்ட் 10
முந்தச் சொன்னது நான். பஸ் புகை மூஞ்சில அடிக்குன்னு, "முந்துலே, என்ன பயம்"னு முதுகுல தட்டினேன். பதினோரு மாசமா அவன் இத யார்ட்டயும் சொல்லல. நானும் சொல்லல.

ஆகஸ்ட் 27
காலையில் பயிற்சிக்கு உட்கார்ந்தேன். ஒரு தடவை இருமிவிட்டு, என்னை அறியாமல் படிப்பக்கம் காது கொடுத்தேன். யாரும் இறங்கி வரவில்லை.
அப்புறம் இரும முடியவில்லை. விசும்பல்தான் வந்தது. மடியில் கிடந்த வலக்கை ஒவ்வொரு விசும்பலுக்கும் கொஞ்சம் மேலே வந்தது. அழுதுகொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மத்தியானம் ஷில்பாவிடம் மூச்சிழுத்துக் கை மடங்குவதைக் காட்டினேன். துள்ளிவிட்டாள். "அய்யோ சாரே! இன்னிக்கு எத்தன தடவ இருமினீங்க?"
ஒரு தடவைதான் என்றேன்.