மேடையில் எனக்கு ஒரு வெள்ளை மகன்

1981 மார்ச் 3, செவ்வாய்

கார்த் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து நேரே சர்ச் ஹாலுக்கு ஓடினேன், ஒத்திகைக்கு. நாடகத்தில் நான் டேனியல். வெள்ளைக்காரர் கடையில் வேலைக்காரன், என்னைப் போலக் கறுப்பன், முதலாளி மகனை வளர்த்தவன். கடைசிக் காட்சியில், ஆறு வருடம் சிறையில் இருந்துவிட்டு அந்தப் பையனைப் பார்க்கக் கடைக்கு வருகிறேன். பையனாக நடிக்கிற கிரேமுக்கு இருபது வயது. வாயைத் திறந்தால் கேள்விதான். நானும் அப்படித்தான் என்பதால் பொழுது நன்றாகப் போகிறது.

மார்ச் 8, ஞாயிறு

லுவாண்டிலே என்னோடு பேசி நான்கு நாள் ஆகிறது. பெற்ற மகன், பத்தொன்பது வயது. கடைசியாகச் சொன்னது: "பகல் முழுக்க வெள்ளைக்காரங்களுக்குக் கார் செய்றீங்க. சாயங்காலம் அவங்க பிள்ளைக்கு ஆயா வேலையா?"

கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

மார்ச் 12

இன்று வேடிக்கை. நான் கடைக்குள் நுழைகிற கட்டம். கிரேம் துள்ளி எழுந்து நின்றான்.

"ஏம்ப்பா இப்படி எழுந்து நிக்கிற? அடிக்கப் போறியா?"

"ஐயோ, மரியாதைங்க! பெரியவங்க வந்து எழுந்திரிக்கலேன்னா எங்க அப்பா காதைத் திருகிடுவாரு."

"எங்க ஆளுங்கன்னா டக்குனு உட்காந்துடுவோம். பெரியவங்களைவிட உசரமா நிக்கிறதுதான் திமிரு."

நாடகத்தை எழுதி இயக்குகிற பிலிப்பா வாயைப் பிளந்தாள். இதே ஊரில் பிறந்த வெள்ளைக்காரி, இது அவளுக்குத் தெரியாதாம்!

அப்புறம்தான் எனக்கே உறைத்தது. பதினாறு வருடமாகத் தொழிற்சாலையில் வெள்ளைக்கார ஃபோர்மன் அறைக்குள் போனதும் மரியாதையாக உட்கார்ந்துவிடுவேன். அவன் முகம் சிவக்கும். ஏன் என்று இன்றுவரை விளங்கியதில்லை.

மார்ச் 19

டீ குடிக்கும்போது கிரேம் கேட்டான்: "உங்க பையனுக்கும் இப்படித்தான் பொறுமையா சொல்லித் தருவீங்களா?"

ஆமாம் என்றேன். பொய். வீட்டில் உத்தரவு போடுவதோடு சரி. யாரோ பெற்ற பிள்ளையிடம் மட்டும் இத்தனை நிதானம் எனக்கு எங்கிருந்து வருகிறது?

மார்ச் 27, வெள்ளி

கறுப்பர்கள் குடியிருக்கிற எங்கள் நியூ பிரைட்டனில், எங்கள் ஜனங்களுக்கு முன்னால் முதல் காட்சி. கிரேம் எழுந்து நின்றான், நினைவு வந்தவன் போலச் சட்டென்று தரையில் உட்கார்ந்தான். ஒரே கைதட்டல். கடைசி வரிசையில் ஒருத்தன் மட்டும் கைகட்டிக்கொண்டு — லுவாண்டிலே! வந்துவிட்டானே! ஒரு வசனத்தை அப்படியே விழுங்கிவிட்டேன்.

மார்ச் 28

காலையில் லுவாண்டிலே கஞ்சிக் கிண்ணத்தோடு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"ஜெயில்லேருந்து வர்றவன் நேரா கடைக்கு ஏன் போறான்? அவனுக்கு வீடு இல்லையா? பிள்ளை இல்லையா?"

ஒத்திகை முழுக்க என்னென்னவோ கேட்டேன். இதைக் கேட்கத் தோன்றவில்லையே. வெட்கமாக இருந்தது.

"பிள்ளை இருந்தா என்ன சொல்வான்?"

"நெசமாவே தெரியணுமா?"

"தெரியணும்டா."

பேச ஆரம்பித்தான். கஞ்சி ஆறிப்போனது, இரண்டு பேருடையதும்.

ஏப்ரல் 2

டேனியல் முதலில் தன் வீட்டுக்குப் போகிற மாதிரி ஒரு காட்சி வேண்டும் என்று பிலிப்பாவிடம் சொல்லிவிட்டேன். யார் எழுதுவது என்றாள். என் மகன் என்றேன்.

மூன்று பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறான். டேனியலின் மகனுக்குத்தான் வசனம் முழுவதும். எனக்கு ஒரு வரிகூட இல்லை. நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமாம்.