கோப்பை கொடுக்கும் கை

அன்புத் தங்கச்சிக்கு,

யுவராணி ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வருவாள் என்று அவள் தவழும்போதே நான் சொன்னேன். வந்துவிட்டாள்.

உன் மில் விடுதியில் போன் வைத்துக்கொள்ள விடாததால் பள்ளித் தகவலெல்லாம் என் போனுக்குத்தான் வருகிறது. என்னைக் கேட்காமல் ஹெட்மாஸ்டர் பள்ளி மணியைக்கூட அடிப்பதில்லை.

இருபதாம் தேதி பரிசளிப்பு. கோப்பையை வீட்டார் ஒருவர் கையால்தான் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டுமாம். "அம்மா எதுக்கு, மாமா போதும்" என்று யுவராணி சொல்லிவிட்டாள். பரமக்குடியில் துணி எடுத்து எனக்குப் புதுச்சட்டையும் தைத்துவிட்டேன். நீ லீவுக்கு அலைய வேண்டாம்.

இதுவரை எழுதி, இரண்டு முறை தபால் பெட்டி வரை போய்த் திரும்பிவிட்டேன். திரும்பும்போதெல்லாம் அவள் வாசலில் நின்று, "அம்மாவுக்கு லீவு குடுப்பாகளா மாமா?" என்று கேட்கிறாள்.

பத்தொன்பதாம் தேதியே கிளம்பி வா. மாமா போதும் என்று பிள்ளை சொல்லவே இல்லை. அது நானாகச் சேர்த்தது.

உன் அண்ணன்