என் பேரில் ஒரு பிராது

பிப்ரவரி 3, செவ்வாய்

பனி. விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கியபோது எதிர் பிளாட்பாரமே தெரியவில்லை. அழைக்க வந்த மாமா (அத்தையின் கணவர்) தலையில் துண்டு, கழுத்தில் மப்ளர். நான் டீ-ஷர்ட்டில். ஆக்லாந்தில் இதற்குப் பெயர் கோடை.

நாலு வயதில் போனவள், நாற்பதை நெருங்கும்போது வருகிறேன். "அடுத்த வருஷம் போலாம்" என்று அப்பா சொல்லிச் சொல்லியே இத்தனை காலம். இந்த முறை அவரைக் கேட்காமலே டிக்கெட் போட்டுவிட்டேன். (தினம் ஒரு பக்கம் தமிழில் எழுது என்பாள் அம்மா. அவள் போய்விட்டாள், பழக்கம் இருக்கிறது.)

அத்தை, அப்பாவின் அக்கா, வாசலில் நின்றிருந்தாள். கட்டிக்கொள்வாள் என்று கையை விரித்துக்கொண்டு போனேன். முகத்தைப் பார்த்தாள். பிறகு காலைப் பார்த்தாள். "செருப்பு போட்டா கழட்டி எறிவ. இப்பவும் அப்படித்தானா?" ஆமாம் என்றேன். ஆக்லாந்தில் பாதிப் பேர் வெறுங்கால்தான். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

வீடு முழுக்கப் பீங்கான். அத்தை வேலை பார்க்கும் பொம்மைக் கம்பெனியில் கழித்துப் போட்டவை. காது போன பிள்ளையார், ஒற்றைக் கண் கிளி, பிடி கோணிய கப்புகள். எனக்கு டீ வந்த கப் மட்டும் நேராக இருந்தது.

பிப்ரவரி 4, புதன்

மாமாவோடு டீக்கடை. பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே, "உன் விஷயமா ஒரு கேஸு நிலுவையில இருக்குதும்மா" என்றார்.

பாஸ்போர்ட், விசா, ஏர்போர்ட்டில் பிடித்து வைப்பார்களோ.

"போலீஸ் கேஸா மாமா?"

"போலீஸ்காரன் யாரு? சாமிகிட்ட."

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர். முருகன்தான். அவரிடம் பிராது கொடுப்பார்களாம். குறையைத் தாளில் எழுதி, சாமி பாதத்தில் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னதி வேலில் கட்ட வேண்டும். வீட்டிலிருந்து கோயில் எத்தனை கிலோமீட்டரோ அதற்குத் தக்க கட்டணம். மூன்று மாதத்தில் தீர்ப்பு. காரியம் நடந்ததும் கட்டியவரே போய், பிராதை வாபஸ் வாங்குவதாக 'ராஜினாமா' கொடுத்து முடிக்க வேண்டும்.

"மூணு மாசமா?"

"உன் கேஸு கொஞ்சம் இழுத்துடுச்சு."

நடந்தது இது. அம்மாவுக்கு ஆக்லாந்தில் நர்ஸ் வேலை, அப்பாவும் கூடப் போனார். கைக்குழந்தையிலிருந்து நான் அத்தையிடம். அவளுக்குப் பிள்ளை இல்லை. நாலு வயதில் அப்பா வந்தார். அத்தை ஷிப்டுக்குப் போன நேரம் பார்த்து என்னை ரயிலேற்றிவிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையிலேயே அத்தை நடந்து போய்ப் பிராது கட்டியிருக்கிறாள். தம்பியோடு இன்றுவரை பேச்சு கிடையாது.

அம்மாடி! நான் பள்ளிக்கூடம் போனேன், கார் ஓட்டப் பழகினேன், வேலையில் சேர்ந்தேன், யாருக்கும் வேண்டாதவள் போல அழுதுகூட இருக்கிறேன். அத்தனை நாளும் என்னைத் திருப்பிக் கொடு என்று ஒருத்தி இங்கே சாமியோடு வழக்காடிக்கொண்டிருந்திருக்கிறாள். பாதி பஜ்ஜியை மாமா தட்டிலேயே வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

வெயில் ஏறிவிட்டது. நான்தான் வந்துவிட்டேனே, ராஜினாமா கொடுக்கப் போகலாமா என்று அத்தையைக் கேட்டேன். அவள் சொன்னவை:

இன்றைக்கு ஷிப்டு.
வெள்ளிக்கிழமை வூடு கழுவணும்.
சனிக்கிழமை முட்டி வலிக்கும். (இன்றைக்கே தெரிந்துவிட்டது!)

திங்கள் எனக்கு ரயில்.

மத்தியானம் மாமாவோடு கம்பெனிக்குச் சோறு கொண்டுபோனேன். அச்சைப் பிரித்து ஈர மயிலை எடுத்து, ஓரத்துப் பிசிறை ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை வெள்ளை. என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள்தான் வாயில் கை வைத்துக்கொண்டார். "ஏங்க்கா, இதான் அந்தக் கேஸுப் புள்ளயா?" நாலைந்து பேர் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். ஊரில் என் பெயரே அதுதான் போல.

திரும்பும் வழியில் மாமா: "முடிஞ்ச கேஸ முடிக்காம வெச்சா சாமி குத்தம். அவளுக்குத் தெரியாதா? கேஸு இருக்குற வரைக்கும் நீ அவ புள்ள. முடிச்சுட்டா கெளம்பிடுவ. அதான் பயம்."

பிப்ரவரி 7, சனி

முட்டி வலி, சொன்னபடியே. அத்தை மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உரித்தேன்.

"பிராதுல என்னன்னு எழுதுனீங்க அத்த?"

"நான் எங்க எழுதறது? ஒருத்தர வுட்டு எழுதுனேன். 'புள்ள திரும்பி வரணும்'. அவ்வளோதான். நீயும் வந்துட்ட." கை நின்றுவிட்டது. "'வந்து இருக்கணும்'னு எழுதச் சொல்லல பாப்பா. அழுவுற அவசரத்துல வுட்டுட்டேன். சாமி கேட்டத குடுத்துடுச்சு. அது மேல என்னா தப்பு?"

வேலை, வீட்டுக் கடன், அப்பா தனியாக இருப்பது, எல்லாம் சொன்னேன். அடுத்த வருஷம் கண்டிப்பாக வருகிறேன் என்றேன்.

"உங்கப்பனும் ஒன்கிட்ட அப்படித்தான சொன்னான்?"

இரண்டு பேரும் அழுதோம். மொச்சை அப்படியே கிடந்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு

விடியுமுன்னே எழுப்பிவிட்டாள். தலை குளித்து ஈர முடி. "எந்திரி. எனக்கு வேணும்ங்கறதுக்காவ சாமிய பொய்யாக்கக் கூடாது. முடிச்சுடலாம்."

மணவாளநல்லூர். கூட்டம். சாமிக்கு உருவம் இல்லை, கல்தான். விழுந்து கும்பிட்டேன். பிறகு முனியப்பர் சன்னதி வேல். காகிதப் பொட்டலம் மேல் பொட்டலமாக நூலில் தொங்குகின்றன, கம்பியே தெரியவில்லை. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருத்தர் தொலைத்த தூக்கம். பக்கத்தில் கட்டுகிறவர்கள் வாய்விட்டே சொல்கிறார்கள்: "மாடு காணோங்க." "மருமவ பேச மாட்டேங்குறா." இவ்வளவு பேர் இவ்வளவு உறுதியாகக் கேட்பதை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

அத்தை ராஜினாமா கொடுத்தாள். கொடுத்துவிட்டு அங்கேயே, எதையோ தொலைத்தவள் மாதிரி நின்றாள்.

நான் ஒரு வெள்ளைத்தாள் வாங்கினேன்.

"என்னா பண்ற?"

"அப்பா மேல பிராது."

எழுதியதைப் படிக்கச் சொன்னாள். படித்தேன்: அப்பா வந்து அத்தையைப் பார்க்க வேண்டும்.

"வரணும்னு மட்டும் எழுதாத. வந்து பத்து நாளாவது இருக்கணும்னு போடு."

போட்டேன். கட்டணம் வாங்குபவர், "எந்த ஊரும்மா?" என்றார். நான் ஆக்லாந்து என்று வாயெடுத்தேன்.

"விருத்தாசலம்" என்றாள் அத்தை. "எங்க வூட்டுப் புள்ள."

பிப்ரவரி 9, திங்கள்

மறுபடி பனி. பெட்டி கட்டியாயிற்று. நேராக இருந்த அந்தக் கப், துணி சுற்றி நடுவில். அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். எல்லாம் சொன்னேன்.

"அக்காவா போட்டாங்க?"

"நான்தான். பத்து நாளுன்னு போடச் சொன்னது அத்தை."

"எத்தனை நாள் டயம்?"

"மூணு மாசம்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. போன் பக்கம் திரும்பாமலே அத்தை கத்தினாள்:

"கத்திரி வெயிலுக்கு முன்னாடி வரச் சொல்லு. அவனுக்கு வேர்க்குரு வரும்."