கோவிந்தன் வெட்டிய மரம் உன்னைத் தடுக்கவில்லை

என் பாசமுள்ள லூர்து அண்ணா,

இன்றைக்குக் கல்லறைத் திருநாள். உன் கல்லறையைத் தேய்த்துக் கழுவி, செவ்வந்தி பரப்பி, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். நீ போன பிறகு வருகிற முதல் திருநாள், தங்கச்சி செலின் அழுது தீர்ப்பாள் என்று நினைத்திருப்பாய். அழுதேன்தான். ஆனால் அதைவிட அதிகமாகச் சிரித்தேன். கல்லறைத் தோட்டத்தில் நின்று சிரிக்கிறவளைப் பங்குச் சாமியார் ஒரு பார்வை பார்த்தார்.

நம் கோயில் இதழான பங்கு மலரில் போட உன்னைப் பற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நாலு பேர் படிக்கப்போவதால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 'என் கதையை எனக்கே சொல்றியா' என்று கேட்காதே, பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். இன்று கோவிந்தன் அண்ணன் வந்தார். நீ ஊருக்கு வந்தால் எதிரில் பார்த்ததும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவாரே, 'இந்த மனுஷனுக்கு நான் இன்னாம்மா பண்ணேன்?' என்று நீகூட என்னிடம் கேட்பாயே, அதே கோவிந்தன். பூமாலையோடு வந்தவர் உன் தலைமாட்டில் உட்கார்ந்து, "லூர்து, உன் ஒரு வருஷத்த பாழாக்குனவன் நான்தாம்பா. மன்னிச்சுடு" என்று தேம்பித் தேம்பி அழுதார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்புறம்தான் விளங்கியது. மறியல் நடந்த அந்த வாரத்தை அவர் இத்தனை காலமாக நெஞ்சில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்.

நீ கோல்ஃப் ஆட்டக்காரன். எலவனாசூர்கோட்டைப் பக்கத்துக் கரும்புக்காட்டிலிருந்து கோல்ஃப் ஆட ஒருத்தன் கிளம்பினான் என்றால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. பட்டணத்துக்கு ஓட்டல் வேலைக்கென்று போனவன், கோல்ஃப் மைதானத்தில் ஆடுகிறவர்களின் பையைச் சுமக்கிற வேலையில் சேர்ந்துவிட்டாய். அதற்குக் 'கேடி' என்று பெயர். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற மரியாதையை நினைத்து, அப்பா கடைசிவரை அதை வெளியே சொன்னதில்லை. திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை, அன்று மட்டும் கேடிகள் ஆடலாம். யாரோ வேண்டாமென்று போட்ட மட்டையை வைத்துக்கொண்டு, திங்கள் தவறாமல் ஆடி ஆடியே நீ ஆட்டக்காரன் ஆனாய்.

தொழிலாக ஆட வேண்டுமென்றால் ஒரு தேர்வு உண்டு. குறிப்பிட்ட அடிகளுக்குள் ஆட்டத்தை முடித்தால்தான் போட்டிகளில் சேர்ப்பார்கள். அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இந்தத் தபா ஆவலன்னா வூட்டுக்கு வந்து கரும்பப் பாரு" என்று கெடு வைத்துவிட்டார். நீயும் சரியென்று தலையாட்டினாய். அதற்குமேல் உனக்கு வேறு வழி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அம்மாவின் நினைவுப் பூசைக்கு நீ ஊருக்கு வந்த வாரம்தான் இடஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். தியாகதுருகம் பக்கமும் போக முடியாது, உளுந்தூர்பேட்டைப் பக்கமும் போக முடியாது. பஸ் சத்தமே இல்லாமல் ஊர் என்னவோ போல இருந்தது. அவர்கள் கேட்டது என்ன? பிள்ளைகளுக்குப் படிக்க ஓர் இடம், வேலையில் ஓர் இடம். பட்டணத்தில் உனக்கென்று ஓர் இடம் கிடைக்குமா என்று தவித்த நம் வீட்டுக்கு அந்தத் தவிப்பு புரியாதா?

ஆனாலும் நீ கிளம்பினாய். உன் கால்சட்டையை இஸ்திரி போட்டு மடித்து எடுத்துக்கொண்டு நானும் சாலை வரை வந்தேன். விழுந்து கிடந்த மரத்தின் மேல் கோடாலியோடு கோவிந்தன் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"பையில இன்னாடா?"

"ஆடுற மட்டைங்கண்ணா."

அவர் ஒன்றை உருவி எடுத்து, முனையில் இருந்த இரும்பைத் தட்டிப் பார்த்தார். "எவன் மண்டைய ஒடைக்கறதுக்குக் கொண்டுகினு போற?"

"மண்டைய இல்லண்ணா, பந்த அடிக்கறதுக்கு."

"எங்க, அடிச்சுக் காமி."

நீ சாலையோரப் புல்லில் பந்தை வைத்து அடித்தாய். அது மரத்தைத் தாண்டி, கரும்பைத் தாண்டி, அதற்கப்பால் நின்ற பனைகளையும் தாண்டிப் போனது. மறியலுக்கு வந்த கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. "எங்கடா உழுந்துது?" என்று கேட்டுக்கொண்டே சிலர் கரும்புக்குள் புகுந்து, சோகை இலை கிழித்த கையோடு வெறுமனே திரும்பினார்கள். "இன்னொண்ணு அடிப்பா" என்றார்கள். அடித்தாய். கொஞ்ச நேரம் அது மறியல் மாதிரியே இல்லை, திருவிழா மாதிரி இருந்தது.

கோவிந்தன் அண்ணன் மட்டும் இளகவில்லை. "ஆட்டம் நல்லாத்தான் கீது. அடுத்த வாரம் போய் ஆடு. இன்னிக்குக் கலெக்டரே வந்தாலும் வழி கெடயாது" என்றார். நீ பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாய். கோவிந்தன் அண்ணனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் விடியற்காலையில் நீ பையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பு வழியாகவே திருக்கோவிலூர் போனதும், தென்பெண்ணையில் இறங்கி அக்கரை சேர்ந்ததும், பால் வண்டியிலும் மாட்டு வண்டியிலும் தொற்றி விழுப்புரம் போய், ஊர்ந்து வந்த ஏதோ ஒரு ரயிலைப் பிடித்ததும் அவருக்கு எப்படித் தெரியும்? வீட்டில் நாங்கள் மூச்சுவிடவில்லையே. தேர்வுக்கு நீ சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாய். ஆடவும் செய்தாய், அதுவும் ரொம்ப நன்றாகவே.

பதினெட்டுக் குழிகளில் கடைசிக் குழி. நீ தேறிவிடுவாய் என்கிற நிலைமை, அனுமதித்த அடிகளில் ஒரே ஒரு அடிதான் உபரி. உன்னோடு ஆடியவர் பாஷா பாய், அவரும் வேறொரு மைதானத்துக் கேடி. அவர் பந்தைக் குழிக்குத் தள்ளக் குனிந்தார். வருஷக்கணக்காகப் பை சுமந்தவன் நீ. எதிரில் யார் குனிந்தாலும் பின்னால் நின்று பந்து உருள வேண்டிய கோட்டைச் சொல்லியே பழகிய வாய். "குழிக்கு எடது பக்கம், ரெண்டு வெரல் தள்ளி" என்று உன் வாய் சொல்லிவிட்டது.

போட்டியில் கூட ஆடுகிறவனுக்கு யோசனை சொல்லக் கூடாது, சொன்னால் சொன்னவன் கணக்கில் இரண்டு அடி தண்டம் ஏறும். கேடி வேலை பார்த்தவனைத் தவிர வேறு எவன் செய்வான் இந்தத் தப்பை? அதிலும் கூத்து, நீ சொன்ன கோடே தப்பு. உன் பேச்சைக் கேட்டு இடது பக்கம் தள்ளிய பாஷா பாயும் குழியைத் தவறவிட்டார். நீ பேசிக் கெட்டாய், அவர் கேட்டுக் கெட்டார். இரண்டு பேருமே அந்த வருஷம் தேறவில்லை.

"யார் காதுலயும் உழல, உடுப்பா" என்று பாஷா பாய் சொல்லியும், நீயாகப் போய் அதிகாரியிடம் சொல்லிவிட்டு வந்தாய். சாலை திறந்த பிறகு முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, கொடுத்த வாக்குப்படி கரும்பு வெட்டுகிற கத்தியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அப்பாவைக் கேட்டாய். அப்பா உன்னை உட்காரவைத்து எல்லாவற்றையும் விசாரித்தார்.

"யாருமே கேக்கலயா?"

"கேக்கலப்பா."

"அப்புறம் இன்னாத்துக்குச் சொன்ன?"

"நான் சொன்னது எனக்குக் கேட்டுச்சே."

அப்பா தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கத்தப்போகிறார் என்று நான் சமையற்கட்டிலேயே நின்றேன். கடைசியில், "கத்தி கெடக்கட்டும். அடுத்த வருஷம் வாயில கிராம்ப அடக்கிக்கினு ஆடு" என்றார். அந்த நிமிஷம் அவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

அடுத்த வருஷம் கிராம்போடு ஆடித் தேறினாய். அதற்கப்புறம் கல்கத்தா, டெல்லி, காட்மாண்டு, டாக்கா என்று எங்கெல்லாம் ஆடினாய். ஒரு தடவை மழையில் நனைந்துகொண்டே கோப்பை ஜெயித்துவிட்டு, அங்கிருந்தே போன் போட்டு 'செலின், ஜலதோஷம் புடிச்சுக்கிச்சு' என்றுதான் முதலில் சொன்னாய். வாயில் எப்போதும் கிராம்பு இருந்ததால், உனக்குப் பல்வலி என்று கூட ஆடியவர்கள் நினைத்தார்களாம். ஊருக்கு வந்தால் காய்ந்த ஏரியில் ஆடுகளுக்கு நடுவே பயிற்சி. கரும்புக்குள் போன உன் பந்து ஒன்று லோடோடு சர்க்கரை ஆலைக்கே போய், அங்கே அதைக் கையில் வைத்துக்கொண்டு இது என்ன முட்டை என்று குழம்பினார்களே.

கல்வராயன் மலைக்கு நாம் எல்லோரும் போன நாளும் ஞாபகம் வருகிறது. வெள்ளிமலைச் சரிவைப் பார்த்ததும் நீ மயங்கிப்போய், "இங்க பதினெட்டுக் குழி வெட்டினா எப்படி இருக்கும்" என்றாய். பக்கத்தில் களை பறித்துக்கொண்டிருந்த மலைக்கார அம்மா ஒருத்தி நிமிர்ந்து, "குழி வெட்டி இன்னா நடுவீங்க சார், மரவள்ளிக் கிழங்கா?" என்று கேட்டாள். அந்த அம்மா கொடுத்த பலாச்சுளையைத் தின்றுவிட்டு வந்தோம்.

இவ்வளவும் சரி, கோவிந்தன் அண்ணன் ஏன் அழுதார்? அதற்குக் காரணம் நம் அப்பா. நடந்ததை நடந்தபடி சொன்னால் ஊர் உன்னைப் பைத்தியக்காரன் என்னும் என்று பயந்து, டீக்கடையில், "மறியல்ல மாட்டிக்கினான், பரிட்சைக்குப் போவ முடியல, ஒரு வருஷம் போச்சு" என்று சொல்லிவைத்துவிட்டார். கேட்டவர்களிடம் எல்லாம் நீ உண்மையைச் சொன்னாய். ஒருத்தரும் நம்பவில்லை. மறியல்காரர்கள் மனம் நோகக் கூடாதென்று தங்கமான பிள்ளை பொய் சொல்கிறான் என்று உன்னையே மெச்சினார்கள். உண்மை பேசிப் பொய்யன் என்று பாராட்டு வாங்கிய ஆள் நீதான் அண்ணா.

இன்று கல்லறைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து முழுக் கதையையும் அவருக்குச் சொன்னேன். வரப்பு, ஆறு, ரயில், கடைசிக் குழி, எதையும் விடவில்லை. அவர் வாயைத் திறந்தபடி கேட்டார்.

"அப்ப அவன் போய்ச் சேந்துட்டானா?"

"சேர்ந்துட்டாருண்ணா."

"வாயாலதான் போச்சா?"

"ஆமாண்ணா."

உன் கல்லறையைப் பார்த்து, "ஏம்பா, வாய வெச்சுக்கினு சும்மா இருக்கக் கூடாதா நீ?" என்று அதட்டினார் பார், அங்கேதான் நான் சிரித்துத் தொலைத்தேன். அவரும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு அவர் சொன்னதைக் கேட்டு என் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் மகள் மலருக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தது மறியலுக்குப் பிறகு வந்த அந்த ஒதுக்கீட்டில்தானாம். "அந்தக் கடுதாசி வந்த அன்னிக்கு வூடே கொண்டாடுச்சும்மா. எனக்கு மட்டும் ஒருவாய் மிட்டாய் எறங்கல. எம் பொண்ணுக்கு ஒரு எடம் கேட்டு, இன்னொருத்தன் புள்ளயோட எடத்தத் தட்டிட்டமேன்னு இருந்துச்சு. அவகிட்ட ஒரு நல்ல வார்த்த சொல்லல" என்றார்.

சொல்லிவிட்டுப் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து அவளையே கூப்பிட்டார். அவள் இப்போது தலைமை ஆசிரியை, கொஞ்ச நாளில் ஓய்வு பெறப்போகிறாள். போனில் அவள் குரல் எனக்கும் கேட்டது.

"மலரு, உனுக்கு சீட்டு கெடச்சிதில்ல, அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம்மா."

"எந்த சீட்டுப்பா?"

"வாத்தியார் படிப்பு சீட்டும்மா."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம், "அப்பா, உடம்புக்கு ஒண்ணும் இல்லயே?" என்றாள். "நல்லா கீறேன். இப்பதான் நல்லா கீறேன்" என்றார். அதற்குள் அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

அண்ணா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் உன்னைப் பற்றி யார் கேட்டாலும் கோப்பைகளைச் சொல்லுமுன் நீ தோற்ற நாளைத்தான் சொல்வேன், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். நம்பாதவர்களை நேரே கோவிந்தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறேன். அவர் இன்றைக்கு மிட்டாய் வாங்கப் போயிருக்கிறார்.

உன் கால்சட்டையைக் கசங்காமல் தூக்கி வந்த,
உன் தங்கச்சி செலின்